கேட்காமல் வந்த சேவை

மாட்டுங்காவில் நான் சனிக்கிழமைதோறும் போகும் கடையில், எனக்குப் பிடிக்காத பலகாரத்தைப் பதினோரு வருடம் சாப்பிட்டேன். யாரும் வற்புறுத்தவில்லை, மிரட்டவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டாவது வாரமே விஷயம் முடிந்திருக்கும். என் மனைவிக்கு இது இன்னும் புரியவில்லை. “என் சாம்பாரை மட்டும் கல்யாணமான மறுநாளே குறை சொல்லத் தெரிஞ்சுதே?” என்று கேட்பாள். நியாயமான கேள்விதான்.

எங்கள் வீடு திலக் நகரில். சனிக்கிழமை ஆபீஸ் கிடையாது. ஹார்பர் லைனில் ஏறி, வடாலாவில் வண்டி மாறி, கிங்ஸ் சர்க்கிளில் இறங்கி, மாட்டுங்கா மார்க்கெட்டில் சின்ன வெங்காயமும் வாழைப்பூவும் வாங்கி வருவது எனக்கு விதிக்கப்பட்ட வேலை. இரண்டும் பக்கத்துச் செம்பூரிலேயே கிடைக்கும். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் போவது காலைப் பலகாரத்துக்கு.

பழைய கடை. பளிங்கு மேஜைகள், ஒவ்வொன்றிலும் நான்கு நாற்காலி. முன்பின் தெரியாத மூன்று பேரோடு முழங்கை இடித்துக்கொண்டு சாப்பிட வேண்டும். கூட்டம் அதிகம் என்பதால் வாசலில் சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும். பொறுமையில்லாதவர்கள் உள்ளே நுழைந்து, சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவர் தட்டில் இன்னும் எத்தனை வாய் பாக்கி என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

நான் முதன்முதலில் போனது நெய் ரோஸ்ட் சாப்பிட. ஆசையாகத்தான் போனேன். பரிமாற வந்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். பேச்சு சுத்தத் திருநெல்வேலி. பம்பாய்க்கு வந்து முப்பது வருடம் ஆகியும் ஒரு எழுத்து மாறாத பேச்சு. எங்கள் பூர்வீகமும் அந்தப் பக்கம்தான் என்பதால் பார்த்தவுடனே எனக்கு அவர் அண்ணாச்சி ஆகிவிட்டார், அவருக்கு நான் தம்பி.

“நெய் ரோஸ்ட்டா? தோசைக்கல்லை இப்பதான் கழுவிப் போட்டிருக்கு, தம்பி. சூடேற இருவது நிமிசம் ஆவும். சேவை சூடா இருக்கு, கொண்டாரட்டா?”

எலுமிச்சை சேவை, கூடவே ஒரு கிண்ணம் மோர்க்குழம்பு. எங்கள் வீட்டில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சீனியும்தான். புளிப்பும் உப்புமாக அதே நூலைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போலிருந்தது. கையால் கிள்ளினால் பாதித் தட்டு கூடவே எழுந்து வந்தது. ஸ்பூனால் எடுத்தால் வாய்க்குள் பாதி, தாடையில் பாதி. மோர்க்குழம்பை ஊற்றினேன், அது நூலில் ஒட்டாமல் அடியில் போய்த் தேங்கியது. ஒருவழியாக முடித்தேன். கை கழுவப் போகும்போது அண்ணாச்சி எதிரே வந்தார். முகத்தைப் பார்த்து ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “ரொம்ப அருமையா இருந்துச்சு அண்ணாச்சி” என்றேன்.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை நான் நாற்காலியில் முழுதாக உட்காரும் முன்பே தட்டு வந்துவிட்டது. அண்ணாச்சி கடையில் எதையும் எழுதிக்கொள்வதில்லை. யாருக்கு எது, எந்த மேஜைக்குச் சட்னி கூட, எவருக்குக் காப்பியில் சீனி இல்லை, எல்லாம் தலைக்குள். வாடிக்கைக்காரர் வாயைத் திறக்குமுன் பலகாரம் வந்து நிற்க வேண்டும். அதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

“அண்ணாச்சி, இன்னைக்கு வந்து...” என்று ஆரம்பித்தேன்.

“மோர்க்குழம்பு கூடக் கொஞ்சம் வேணும். அதான? தெரியும்லா” என்று இரண்டாவது கிண்ணத்தையும் வைத்தார்.

இனி எப்படிச் சொல்வது? மூன்றாவது வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். மூன்றாவது வாரம் அவர் வாசலுக்கே வந்து, சீட்டுக் கொடுத்துக் காத்திருந்த பத்துப் பேரைத் தாண்டி என்னைக் கூப்பிட்டு, மின்விசிறிக்கு நேர் கீழே உட்காரவைத்தார். “நம்ம தம்பி. சேவைக்காகவே ரெண்டு வண்டி மாறி வாராரு” என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் அறிமுகம் வேறு. அதற்குப் பிறகு எந்த முகத்தோடு சொல்வது?

தப்பிக்க முயற்சி செய்யாமல் இல்லை. ஒருமுறை வயிறு சரியில்லை, டாக்டர் புளிப்புச் சேர்க்கக் கூடாது என்றார் என்று சொல்லிப் பார்த்தேன். இட்லி கொடுப்பார் என்று கணக்குப் போட்டிருந்தேன். உள்ளே போனவர், வெறும் சேவையில் மோர் விட்டுப் பிசைந்து கொண்டுவந்தார். “வயித்துக்கு இதைவிட நல்லது ஒண்ணும் கெடையாது” என்றார். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

இன்னொரு சனிக்கிழமை, எதிர்ச்சாரியில் இருக்கும் வேறொரு கடைக்குப் போனேன். படியில் ஒரு கால் வைத்தேன். “தம்பீ! இங்கன, இங்கன!” என்று சாலைக்கு அந்தப் பக்கமிருந்து குரல். அண்ணாச்சி காற்று வாங்க வெளியே வந்து நின்றிருக்கிறார். நான் கடையை மறந்து தடுமாறுகிறேன் என்று நினைத்துவிட்டார். கையை நீட்டி ஒரு பஸ்ஸையும் இரண்டு டாக்ஸிகளையும் நிறுத்தி எனக்கு வழி செய்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்க்க, நான் சாலையைக் கடந்து வந்து சேவை சாப்பிட்டேன்.

மகளை அழைத்துப் போனால் அவளுடைய தோசையில் பாதி கிடைக்கும் என்று ஒரு யோசனை வந்தது. அவளுக்கு அப்போது எட்டு வயது. அண்ணாச்சி இரண்டு தட்டுச் சேவையோடு வந்தார். “பிள்ளைக்கும் அப்பா நாக்குதான இருக்கும்?” என்றார்.

என் மகள் தட்டை ஒரு விரலால் தள்ளினாள். “முஜே நஹி சாஹியே. டோசா சாஹியே.” எனக்கு இது வேண்டாம், தோசைதான் வேண்டும். அவ்வளவுதான். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துப் போய் தோசை கொண்டுவந்தார். கோபமில்லை, வருத்தமில்லை. இரண்டு வருடம் என்னால் முடியாததை அவள் மூன்று நொடியில் முடித்துவிட்டாள். திரும்பி வரும்போது ரயிலில், “அப்பா, உங்களுக்கும் அது பிடிக்கலைதானே? ஏன் போல் நஹி தியா, ஏன் சொல்லல?” என்று கேட்டாள். வண்டிச் சத்தத்தில் காதில் விழாததுபோல வெளியே பார்த்தேன். தோசையிலும் எனக்கு ஒரு விள்ளல்தான் கிடைத்தது.

கொரோனாவில் கடை பல மாதம் மூடிக் கிடந்தது. மறுபடி திறந்தபோது, பாதி முகத்தை மூடிக்கொண்டு போனேன். இத்தனை மாதத்தில் மறந்திருப்பார் என்று ஒரு நம்பிக்கை. கண்ணை மட்டும் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். “நல்லா இருக்கியளா தம்பி? வீட்டுல எல்லாரும் சுகமா?” என்று கேட்கும்போது அவர் கண் கலங்கியது. என் கண்ணும் கலங்கியது. அன்றைக்குச் சேவையை ஒரு நூல் மிச்சமில்லாமல் சாப்பிட்டேன்.

போன வைகாசியில்தான் எல்லாம் மாறியது. அண்ணாச்சியின் மகளுக்கு ஊரில் கல்யாணம். ஒரு மாதம் லீவு போட்டுவிட்டுப் போனார். அவர் இடத்தில் மங்களூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் வந்திருந்தார். என் மேஜைக்கு வந்து, “க்யா லாவூன், சாப்?” என்றார்.

என்ன வேண்டும் என்று அந்தக் கடையில் என்னை யாரும் கேட்டுப் பதினோரு வருடம் ஆகிவிட்டது. சுவரில் இருந்த பலகையை அன்றுதான் முதன்முறையாக முழுதாகப் படித்தேன். அடை, அவியல், ரவா தோசை, பொங்கல். இவ்வளவும் இத்தனை வருடமாக என் தலைக்கு மேலேயே தொங்கியிருக்கிறது.

“நெய் ரோஸ்ட்” என்றேன்.

வந்தது. ஓரம் பழுப்பாக, நடுவில் மெத்தென்று, நெய் மணத்தோடு. நான் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து எதிர் நாற்காலிக்காரர் தன் சட்னிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். அடுத்த வாரம் பொங்கல். அதற்கடுத்த வாரம் ரவா தோசை. வாழைப்பூ வாங்க மறந்து வெறுங்கையோடு வீட்டுக்குப் போனேன்.

நான்காவது சனிக்கிழமை, அடையில் பாதியில் இருந்தபோது சமையலறைக் கதவு திறந்தது. தோளில் துண்டு போட்ட ஒரு கனமான மனிதர் வெளியே வந்து மேஜை மேஜையாகப் பார்த்தார். மங்களூர்க்காரர் என்னைக் கையால் காட்டினார். அந்த மனிதர் நேராக என்னிடம் வந்தார். கடையின் சமையல்காரர். அதுவரை அவரை நான் பார்த்ததே இல்லை.

“திலக் நகர் சார் நீங்கதானா?”

“ஆமா.”

“ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நிஜமா சொல்லுங்க. உங்களுக்குச் சேவை பிடிக்குமா?”

கையில் இருந்த அடையை மறைக்க இடமில்லை. “ஏன் கேக்கறீங்க?” என்றேன்.

“மூணு வாரமா சனிக்கிழமை பிழிஞ்ச சேவை அப்படியே இருக்கு சார். இந்தக் கடையில வேற யாரும் அதைக் கேக்கறதில்ல. முதலாளி ஆறு வருஷத்துக்கு முன்னாடியே பலகையிலருந்து எடுக்கச் சொன்னார். அண்ணாச்சிதான் விடல. எங்க தம்பி ரெண்டு வண்டி மாறி இதுக்காகவே வர்றான், எடுத்தா நானும் போயிடுவேன்னு சண்டை போட்டார். காலையில சேவை நாழியில மாவை வச்சு அமுக்கி அமுக்கி...” என்று வலது தோளைத் தொட்டுக் காட்டினார். “இதுக்கு எண்ணெய் தேய்ச்சு தேய்ச்சு என் வீட்டுக்காரி அலுத்துட்டா.”

நான் சொல்லிவிட்டேன். முதல் நாள் தோசைக்கல் சூடேறாததிலிருந்து பஸ்ஸை நிறுத்தியது வரை எல்லாவற்றையும் சொன்னேன். சமையல்காரர் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பில் தோள் வலித்ததோ என்னவோ, “அய்யோ” என்று பிடித்துக்கொண்டார். என் எதிரே இருந்த இரண்டு பேரும் கை கழுவாமல் கதை கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்காலிக்குப் பின்னால் நின்றவர்கள்கூட அவசரப்படுத்தவில்லை.

“அவர்கிட்ட நீங்களே சொல்லிருங்க சார்” என்று எழுந்தார் சமையல்காரர். “நான் சொன்னா என்னைக் கொன்னுருவார்.”

அடுத்த வாரம் அண்ணாச்சி வந்துவிட்டார். என் நெற்றியில் குங்குமம் வைத்து, ஒரு பொட்டலம் கல்யாண லட்டும் முறுக்கும் கையில் கொடுத்தார். பிறகு திரும்பி உள்ளே நடந்தார். எதற்கு என்று தெரியும்.

“அண்ணாச்சி, எனக்கு நெய் ரோஸ்ட் வேணும்.”

நின்றார். “ஆருக்கு?”

“எனக்குத்தான்.”

“உடம்புக்கு என்ன செய்யி?”

“ஒண்ணும் செய்யல. எனக்குச் சேவை... அவ்வளவா பிடிக்காது அண்ணாச்சி. முதல்லருந்தே.”

பரிமாறும் ஜன்னலில் சமையல்காரரின் முகம் தெரிந்தது. அண்ணாச்சி மேஜை விளிம்பில் கை ஊன்றினார்.

“பதினோரு வருசமாவா?”

“ஆமா.”

“ஏன் தம்பி சொல்லல?”

“நீங்க கேக்கவே இல்லையே அண்ணாச்சி.”

“கேக்காம கொண்டாரதுதான மரியாத?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே என்னிடம் பதில் கேட்டார். மேஜையில் இருந்த மூன்று பேரையும் பார்த்து, “பாத்தியளா?” என்றார். ஒருவர் தமிழரே இல்லை, அவரும் பாவமாகத் தலையாட்டினார்.

நெய் ரோஸ்ட் வந்தது. கொண்டுவந்தவர் மங்களூர்க்காரர்.

அதே வாரம் பலகையில் சேவை இருந்த இடத்தில் வெள்ளை பூசிவிட்டார்கள். அண்ணாச்சி என்னைத் தண்டிக்க ஆரம்பித்தார். வாசலில் வந்து கூப்பிடுவது நின்றது. மற்றவர்களைப் போலச் சீட்டுக் கொடுத்து முக்கால் மணி நேரம் நின்றேன். உள்ளே போய் உட்கார்ந்தால், கையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். “என்ன சாப்பிடுதிய?” என்பார். நான் ரவா தோசை என்றாலும் விடமாட்டார். “முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க” என்று, இட்லியில் ஆரம்பித்துக் காப்பியில் முடிகிற வரை ஒவ்வொன்றாக ஒப்பிப்பார். சீனி போட்டதா, போடாததா என்பது உட்பட. பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு மாதிரி நான் கேட்டுக்கொண்டிருப்பேன். முழுதும் முடிந்த பிறகு, “ரவா தோசை” என்பேன். “சரி” என்று போவார். நான்கு மாதம் இப்படியே போனது.

வீட்டில் சொன்னால் மனைவி சிரித்தாள். “அவர் இருக்கட்டும். அந்தச் சமையல்காரரோட தோளை நெனச்சுப் பாருங்க” என்றாள். மகள் இப்போது காலேஜ் போகிறாள். அவள் சிரிக்கக்கூட இல்லை. “அப்பா, யூ ஆர் டூ மச்” என்று போனைப் பார்க்கப் போய்விட்டாள்.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, அண்ணாச்சி பட்டியலைப் பொங்கல் வரை சொல்லிவிட்டு நிறுத்தினார். காதோரம் சொறிந்துகொண்டார்.

“அடை இன்னைக்கு நல்லா வந்திருக்கு. வேணும்னா கொண்டாரேன். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லணும், என்ன?”

“கொண்டாங்க அண்ணாச்சி.”

வந்தது. முதல் விள்ளலிலேயே உச்சந்தலை வரை ஏறியது. மிளகாய் யாரோ கைதவறிக் கொட்டியது போலிருந்தது. அண்ணாச்சி நகரவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எப்படி இருக்கு?”

தண்ணீர் குடித்தேன். பழக்கதோஷத்தில் ‘அருமை’ என்று நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

“காரம் ரொம்ப ஜாஸ்தி அண்ணாச்சி. சாப்பிட முடியல.”

அவர் முகம் விரிந்தது. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை. தட்டை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு சமையலறையைப் பார்த்து நடந்தார். “என்னத்தை அரைச்சிய? எங்க தம்பி சாப்பிட முடியலங்கான், கேட்டுக்கோங்க!” என்று கடை முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டார். ஜன்னலில் சமையல்காரர் தலை நீட்டி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல், காப்பி கூடக் குடிக்காமல், வெங்காயம் வாங்கப் போய்விட்டேன்.