ஏரிச் சேற்றில் பழைய வெயில்

போன ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு ஏரியில், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். கையில் ஆளுயர பிளாஸ்டிக் குழாய். எதற்கு? அந்தக் காலத்து வெயிலைப் பிடிக்க!

சிரிக்காதீர்கள். கும்மிடிப்பூண்டி ஸ்டீல் கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கும் காதரின் தங்கை ஆயிஷா, மண்ணியல் ஆராய்ச்சி மாணவி. ஏரிச் சேற்றை அடுக்கு கலையாமல் எடுக்க வேண்டும், கை கொடுக்க ஆள் வேண்டும் என்றாள். தெர்மாமீட்டர் வருவதற்கு முன்னால் நம் பக்கம் எவ்வளவு வெயில் அடித்தது... யாரைக் கேட்பது? ஆவலில் கிளம்பிவிட்டேன்.

"சேத்துல இன்னா மேடம் வெயில் கீது?" என்றார் படகுக்காரர் ஏகாம்பரம்.

"கடுகைவிடச் சின்ன உயிருங்களோட ஓடு இருக்குண்ணா. தண்ணி எவ்வளவு சூடோ, அதுக்கேத்தபடி ஓட்டுல சேர்ற சத்து மாறும். சேறு மேல மேல படியுதில்ல? கீழ போகப் போகப் பழைய காலம்."

ஏகாம்பரம் யோசனையோடு தலையாட்டினார்.

இரண்டு முறை குழாயை இறக்கினோம். தூக்கும்போது சேறு நழுவி ஏரிக்கே போய்விட்டது. மூன்றாவது முறை ஏகாம்பரம் முங்கி, அடிவாயை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டார். குழாய் நிறையச் சேறு! ஆயிஷா கைதட்டினாள்.

மணி பன்னிரண்டு. சேறெடுக்கும் குழாயோ இரவல் — மறுநாள் திருப்பித் தர வேண்டும்.

ஏகாம்பரம் மட்டும் கையில் ஒட்டிய சேற்றைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு மெதுவாக, "மேல கீழ கலந்த சேறுன்னா ஆவாதா மேடம்?"

"ஆகாதுண்ணா. எது எந்தக் காலம்னே தெரியாது. ஏன்?"

"முகத்துவாரம் தூர்ந்தப்போ மிஷின் வச்சு வாரின மண்ண இங்கதான் கொட்டிக்கினு இருந்தாங்கோ. சேறுன்னா எல்லாம் ஒண்ணுதானேன்னு இட்டாந்துட்டேன்."

எனக்கு எரிச்சல். "லேப்ல பார்த்துக்கலாமே ஆயிஷா" என்றேன்.

அவள் குழாயையே பார்த்தாள். அதன் அடிவாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். அரை நாள் உழைப்பு... மொத்தத்தையும் தண்ணீரில் கொட்டினாள். கண் கலங்கியிருந்தது, கை தயங்கவில்லை.

"எந்த எடம்ணா கலையாம இருக்கும்?"

வலை இழுக்காத, மீன் பிடிக்கக் கம்பு நடாத ஓர் ஒதுக்கத்துக்குப் படகைத் திருப்பினார். காற்று ஏறிவிட்டது. படகு நிற்கமாட்டேன் என்றது. நாலு தடவை முங்கினார் மனிதர். கடைசியில் ஏறியது பாருங்கள்... குழாய்க்குள் கருப்பு, சாம்பல், நடுவில் மெல்லிசாக மணல், மறுபடி கருப்பு. கோடு கோடாக!

ஏகாம்பரம் அடிப்பக்கத்தைத் தொட்டார். "இது எங்க பாட்டன் காலத்து வெயிலா?"

"அதுக்கும் ரொம்ப முன்னாடிண்ணா."

"சூடா, குளுமையா?"

"தெரியாதுண்ணா. அதுக்குத்தானே இவ்வளவு பாடு."

லேபிளில் தேதி எழுதினாள். கீழே, 'இடம் காட்டியவர்: ஏகாம்பரம்' என்றும் எழுதினாள். அவர் அதை எழுத்துக்கூட்டி, இரண்டு முறை படித்தார்.

முடிவு தெரிய மாதக்கணக்காகுமாம். காத்திருக்கிறேன். ஆனால் ஒன்று... வாயை மூடிக்கொண்டு அவர் கரையேறியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால்?

வேண்டாம், கேட்காதீர்கள்.