வீடு போய்ச் சேராத கோலா

விருந்தாளிக்குப் பிளந்து வைக்கும் கோலாக் கொட்டைக்கு இக்போ மொழி மட்டுமே விளங்கும், வேறு பாஷையில் வாழ்த்தினால் அதற்குக் கேட்காது என்று மாமா சொன்னபோது அப்பா அதை ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. “எங்கடை சாமியளும் அப்பிடித்தான் அண்ணை. ஐயர் சொல்லுறது எங்களுக்கு விளங்காது, சாமிக்கு மட்டும் விளங்கும்” என்றார். நான் அதைப் பிரெஞ்சில் சொன்னேன். கட்டில் கிறீச்சிடும்படி மாமா சிரித்தார்.

நான் மாமா என்று அழைத்தவர் நைஜீரியாவிலிருந்து வந்த இக்போக்காரர். ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஆறாம் மாடியில் ஒற்றை அறையில் இருந்தார். அப்பாவும் அவரும் ஒரே உணவகத்தில் கோப்பை கழுவினார்கள். அப்பா அவரை அண்ணை என்றார், அவர் அப்பாவைத் தம்பி என்றார். அந்த இரண்டு சொல்லைத் தாண்டினால் அவர்களுக்குள் பாதிப் பிரெஞ்சும் முழுக் கையும்தான். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா என்னையும் கூட்டிப்போனார். எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு என் வாயில் தண்ணீராய் ஓடியது. ஓடுகிற தண்ணீருக்கு உள்ள கர்வமும் எனக்கு இருந்தது.

அம்மா ஞாயிறு காலைகளில் ஹோட்டல் அறைகள் துப்புரவாக்கப் போய்விடுவார். “என்னோடை வேலை செய்யிற அண்ணையின்ரை அறைக்குப் போட்டு வாறம்” என்று அப்பா சொல்வார். அம்மா யாரோ எங்கள் ஊர் மானிப்பாய்க்காரரை நினைத்துக்கொள்வார். அப்பா திருத்துவதில்லை. அப்பா பொய் சொல்லமாட்டார், உண்மையை அரைவழியில் இறக்கிவிட்டுவிடுவார்.

முதல் ஞாயிறு, அறையில் இருந்த ஒரே கதிரையில் அப்பாவை இருத்திவிட்டு மாமா ஒரு மரத்தட்டை நீட்டினார். தட்டில் செம்மண் நிறத்தில் ஒரு கொட்டை, பக்கத்தில் உறைப்பாய் அரைத்த கச்சான் கடலை. கலியாண வீட்டு வெற்றிலை பாக்கை எடுப்பதுபோல் அப்பா அந்தக் கொட்டையைப் பணிவாக எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மாமா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். பிறகு விளக்கம் என் வழியாக வந்தது. விருந்தாளி கோலாவைப் பார்க்க வேண்டும், தொட வேண்டும், வீட்டுக்காரன் கைக்கே அதைத் திருப்பித் தர வேண்டும். அப்புறம்தான் வாழ்த்து, அப்புறம்தான் பிளப்பு. தனியாய் இருப்பவன் தனக்குத்தானே கோலா பிளந்து உபசரித்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு முறையும் வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைப்பாராம். ஆள் வருவதற்குள் அது காய்ந்துவிடுமாம்.

அப்பா சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மாமா கண்ணை மூடி நீளமாக வாழ்த்தினார். கொட்டை நாலு பிளவாய்ப் பிரிந்தது. நாலு நல்லது என்றார். ஊரில் இதை ஆண்பிள்ளைதான் பரிமாறும், இங்கே நீதானே இருக்கிறாய், நீயே கொடு என்று தட்டை என் கையில் தந்தார்.

புறப்படும்போது முழுக் கோலா ஒன்று தந்தார். இது அம்மாவுக்கு. வீடு போய்ச் சேர்ந்த கோலா, தான் எந்த வீட்டிலிருந்து வந்தேன் என்று சொல்லும். வாங்கித் தின்றவர்கள் நம் ஆட்கள் என்றார்.

அப்பா அதை என் கோட்டுப் பையில் வைத்தார். வரும் வழியில், ரூ காய் தெருவில் அவர் மரக்கறிக் கடைக்குள் நுழைந்த நேரம் நான் அதைக் கடித்துப் பார்த்தேன். அப்படி ஒரு கசப்பு, நாக்கு முழுக்கச் சுருண்டுபோனது. பல் பதிந்த கொட்டையை அம்மாவிடம் எப்படிக் கொடுப்பது? வீதியோரத்துத் தண்ணீரில் போட்டேன். “குடுத்தனியே?” என்று அப்பா கேட்டபோது “ஓம்” என்றேன். இரண்டே எழுத்தில் முடிந்த பொய்.

அடுத்த ஞாயிறு மாமா அதையே கேட்டார். அம்மா சாப்பிட்டா, நல்லாயிருக்கு என்று சொன்னா என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எங்கள் ஆட்கள் படியிறங்கும்போது எல்லோருக்கும் சொல்கிற ஒரு வரி இருக்கிறதே, ஒருநாளைக்கு வீட்டை வாங்கோ என்று, சொல்கிறவரும் கேட்கிறவரும் மறந்துவிடுகிற வரி, அதையும் அம்மா சொன்னதாகச் சேர்த்தேன். அழகாக இருக்கும் என்றுதான். மாமா சிரிக்கவில்லை. நெஞ்சில் கையை வைத்துத் தலை குனிந்தார். “அண்ணை என்னவாம்?” என்றார் அப்பா. “சந்தோசமாம்” என்றேன்.

பனிக்காலம் வந்தது. ஒரு புதன்கிழமை, பள்ளிக்கூடம் இல்லாத நாள், பின்னேரம் யாரோ கதவைத் தட்டினார்கள். அப்பா வேலையில். அம்மா கதவுத் துளையில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்.

“ஆரடி இது? ஒரு கறுவல், பெட்டியோடை நிக்கிறான்.”

நான் கதிரையில் ஏறிப் பார்த்தேன். மாமா. கழுத்தில் டை கட்டியிருந்தார். கையில் துணியில் சுற்றிய தட்டு, காலடியில் ஒரு பெரிய பெட்டி.

“உனக்குத் தெரியுமே?”

தெரியும் என்றால் கோலா எங்கே என்று வரும். தெரியாது என்றேன்.

மாமா கதவோடு பேசினார், அவசரப்படாமல், மரியாதையாக. எங்கள் கட்டிடத்தை மூடிவிட்டார்கள் மதாம். இடிந்துவிழும் என்று காலையில் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். இன்னோர் அறை கிடைக்கும்வரை கொஞ்ச நாள்தான். நீங்கள் என் கோலாவைத் தின்றீர்கள், வரச் சொன்னீர்கள், அந்தத் துணிவில் வந்தேன்.

அம்மாவுக்கு மதாம் என்ற ஒரு சொல் மட்டும் விளங்கியது.

“என்னவாம்?”

“ஏதோ விக்க வந்த ஆளாம்.”

“வேண்டாமெண்டு சொல்லு.”

அம்மா வேண்டாம் என்கிறா என்று கதவோடு வாய் வைத்துச் சொன்னேன். எத்தனையோ ஞாயிறுகள் மொழிபெயர்த்த நான், அந்த ஒரு வாக்கியத்தைத்தான் பிசகில்லாமல் பெயர்த்தேன்.

அவருக்கு என் குரல் தெரியாமல் இருக்குமா? “சரி, மகளே” என்றார். பெட்டி ஒவ்வொரு படியாய் இடித்துக்கொண்டு இறங்கியது. நாங்கள் நாலாம் மாடி. எண்ண வேண்டாம் என்று நினைத்தபடியே எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு மாமா வேலைக்கும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் போனபோது வாசலில் பலகை அடித்திருந்தார்கள். அப்பா கழுத்தை நிமிர்த்தி ஆறாம் மாடியைப் பார்த்தபடி நின்றார். குளிரில் கண்ணில் நீர் வந்தது அவருக்கு, அல்லது குளிர் என்று நான் நினைத்தேன்.

“விலாசமும் குடுத்திருந்தனான், எங்கடை வீட்டை வந்திருக்கலாம்தானே” என்றார். “நாங்கள் என்ன, வெளியாலை விட்டிருப்பமே?”

விட்டிருக்கமாட்டோம். எங்கள் முன்னறையில் எந்த மாதமும் புதிதாய் வந்த யாராவது படுத்திருப்பார். ஒருவரையும் போ என்று அம்மா சொன்னதில்லை. அப்பா என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். “இல்லை” என்றேன் நான்.

“சொல்லாமல் போட்டான் மனுசன்” என்று கோபத்தோடு நடந்தார். கோபம் மாமாவின் மேல் போனதில் எனக்கு நிம்மதி. பொய் அத்தோடு தீர்ந்துவிட்டது என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு துள்ளித் துள்ளி நடந்தேன். எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் அப்பாவை மறித்துக் கதைக்க நூறு பேர் இருந்தார்கள். எழுந்து நின்று கதிரை தந்தவர் மாமா ஒருவர்தான் என்பது அந்த வயதில் கண்ணில் படவில்லை.

அதன் பிறகு ஞாயிறுகளில் அப்பா தாடியை வழிப்பதில்லை. சாரத்தோடு, தொலைக்காட்சியைப் போடாமல், சுவரைப் பார்த்துச் சாய்ந்திருப்பார். வேலைக் களைப்பு, சத்தம் போடாதை என்பார் அம்மா. நானும் களைப்பு என்றுதான் நினைத்தேன்.