மாமி மாற்றிய மருந்து

ஒரு மாரிகாலத்தில் எங்கள் வீட்டில் மாமியின் மருந்தைப் பற்றித்தான் பேச்சு. அந்தப் பேச்சு வீட்டோடு நிற்காமல், பாரிசில் எங்கள் ஆட்கள் கூடுகிற ரூ பஜோல் கோயில் வாசலுக்கும் லாச்சப்பல் கடைகளுக்கும் போய்விட்டது. தைலம் சொன்னவர்கள் உண்டு. உப்பு ஒத்தடம் சொன்னவர்கள் உண்டு. வெள்ளிக்கிழமை விரதம் பிடித்தால் சரியாகும் என்று சொன்ன ஒருவரும் உண்டு. அது என்ன மருந்து என்பது மட்டும் மாமியையும் என்னையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அது துவக்குத் தோட்டாவுக்குள் போடுகிற மருந்து.

மாமி அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தார். கட்டடங்களைத் துப்புரவாக்குவது அவருடைய வேலை. அப்படி அவர் கூட்டித் துடைத்த இடங்களில் ஒன்று, திரான்சிக்கு அங்கால் ரயில் பாதை ஓரமாக இருந்த ஒரு கைத்துப்பாக்கிக் கிளப். ஓய்வுபெற்ற மனிதர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கடதாசியில் அச்சடித்த வட்டங்களைச் சுட்டுவிட்டு, கோப்பி குடித்துவிட்டுப் போவார்கள். அவர்கள் சுட்டு எறிந்த வெற்றுத் தோட்டாக் கோதுகளை மாமி கூட்டி அள்ளுவார். ஒருநாள் அங்கிருந்த கிழவர் ஒருவர், முன்பு தபால்காரராக இருந்தவர், மற்றவர்களுடைய கோதுகளை அள்ளியே காலம் போகப்போகிறதா என்று மாமியைப் பகிடியாகக் கேட்டார். மாமி தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, கையைக் கழுவித் துடைத்துவிட்டு, கிழவர் நீட்டிய துப்பாக்கியை வாங்கிக்கொண்டு நின்றார். முதல் வெடி கடதாசியிலேயே படவில்லை. பிறகு சுட்டவை படவேண்டிய இடத்தில் பட்டன.

அடுத்த வருடம் மாமி அந்தக் கிளப்பில் அங்கத்தவர். வைத்தியச் சான்றிதழ், வதிவிட அட்டை, படம் எல்லாம் கொடுத்து முறைப்படி சேர்ந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து பாரிசுக்கு வந்து, விளையாட்டுக்காகத் துப்பாக்கி பிடித்த முதல் பெண் என் மாமியாகத்தான் இருக்கவேண்டும். இதற்கு என்னிடம் ஆதாரம் கிடையாது. இல்லை என்று சொல்பவர் வந்து சொல்லட்டும்.

ஆனால் வீட்டில் இதைச் சொல்ல முடியாது. அப்பாவுக்குத் துவக்கு என்ற சொல்லே ஆகாது. தொலைக்காட்சியில் யாராவது துப்பாக்கியை எடுத்தால் அவர் எழுந்து குசினிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து விடுவார். ஜூலை மாதத் தேசிய தின வாணவேடிக்கைக்குத் தெருப் பிள்ளைகள் எல்லாம் ஓட, எங்கள் வீட்டு யன்னல்கள் பூட்டியிருக்கும். சிலருக்குக் கத்தரிக்காய் பிடிக்காது, அப்பாவுக்கு இது பிடிக்காது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"அண்ணை அறிஞ்சால் ஒண்டில் நான் இதை விடவேணும், இல்லாட்டி இந்த வீட்டை விடவேணும்" என்று மாமி என்னிடம் சொன்னார். என்னிடம் சொன்னதற்குக் காரணம், நான் வாய் திறக்காத பிள்ளை. பள்ளிக்கூடத்து ஆசிரியை எனக்குக் காது கேட்கிறதா என்று அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். மாமிக்குப் பிரெஞ்சு கொஞ்சம். அதனால் பேசாத பிள்ளையான என்னைத்தான் பேச்சுக்கு உதவியாகக் கூட்டிக்கொண்டு போவார். புறப்படும்போது "கிளப்புக்குப் போட்டு வாறம்" என்று உண்மையைத்தான் சொல்வார். நிலம் துடைக்கப் போகிறோம் என்று வீட்டில் தாங்களாகவே நினைத்துக்கொண்டார்கள்.

அந்த மாரியில் மாமியின் மணிக்கட்டு நோகத் தொடங்கியது. வருடக்கணக்காகத் துணி பிழிந்த கை. கடையில் வாங்கும் தோட்டா வெடிக்கும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். ஒவ்வொரு உதையும் மணிக்கட்டில் போய் விழுந்தது. இப்படியே சுட்டால் வேலைக்கும் கை உதவாது, நிறுத்திவிடுங்கள் என்று வைத்தியர் சொன்னார். மாமி கிளப்பின் மரவாங்கில் போய் இருந்துகொண்டு கையைப் பார்த்தபடியே இருந்தார்.

தபால்காரக் கிழவர்தான் வேறு வழி சொன்னார். தன் தோட்டாக்களை அவர் தானே நிரப்புகிறவர். அதற்கு வேண்டிய அனுமதியும் கருவியும் அவரிடம் இருந்தன. மெதுவாக உதைக்கிற தோட்டாவும் செய்யலாம், அதற்கு ஏற்ற 'பூத்ர்' தெரிவு செய்யவேண்டும், தன் மேசையில் தன் கண்முன்னால் செய்வதானால் சம்மதம் என்றார். பூத்ர் என்றால் எனக்குத் தெரிந்தது முகத்துக்குப் போடும் பவுடர்தான். அப்படியே மாமிக்குச் சொன்னேன்.

மாமி சிரித்தார். "அதில்லையடா. எங்கடை ஆக்கள் அதை மருந்து எண்டு சொல்லுவினம்."

மருந்து தெரிவு செய்வது இலகுவான காரியமாக இருக்கவில்லை. முன்பு வெதுப்பகம் வைத்திருந்த இன்னொரு பெரியவரும் அங்கே வந்து சேர்ந்தார். இருவருக்கும் தங்கள் தங்கள் மருந்தே மருந்து. வெதுப்பகக்காரர் சீனி போன்ற ஒரு மருந்தைக் காட்டி, கொஞ்சம் போட்டாலே போதும், பொசுக்கென்று எரிந்து முடியும் என்றார். தபால்காரர் தன் டப்பாவைக் காட்டி, இது எரிகிற ஒழுங்குக்கு வேறு எதுவும் கிட்ட நிற்காது என்றார். பேச்சு ஏறி, இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்கள். நான் எதை மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் நின்றேன்.

மாமி என்னிடம் ஒரு கேள்வியைத்தான் கேட்கச் சொன்னார். "நான் பழக்கமில்லாத ஆள். தவறிப்போய் ஒரு கோதுக்குள்ளை ரெண்டுதரம் போட்டிட்டன் எண்டால், எந்த மருந்து என்னைக் காட்டிக்குடுக்கும்?"

இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். இரண்டு மடங்கு மருந்து போட்டால் துப்பாக்கி கையிலேயே வெடித்துப் பிளக்கும். வெதுப்பகக்காரரின் மருந்து கோதின் அடியில் கிடக்கும், ஒன்றோ இரண்டோ என்று உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அவரே அதை ஒத்துக்கொண்டார். தபால்காரர் உள்ளே போய் மூன்றாவது டப்பா ஒன்றை எடுத்து வந்தார். தட்டையான, பாரமில்லாத துணிக்கைகள். ஒருதரம் போட்டாலே கோது பாதிக்கு மேல் நிறைந்தது. இரண்டாம் தரம் போட்டுக் காட்டினார். மேசையெல்லாம் வழிந்தது.

"அது சீனி, இது அவல்" என்றார் மாமி. "எனக்கு அவல் போதும்."

அவலுக்கு எனக்குப் பிரெஞ்சுச் சொல் தெரியவில்லை. தட்டிய அரிசி என்றேன். அவர்கள் அதை வைத்து நெடுநேரம் சிரித்தார்கள். பிறகு தபால்காரர் தன் புத்தகத்தைத் திறந்து, தொடங்குகிறவர்களுக்கு அதே ஆலோசனைதான் எழுதியிருக்கிறது என்று காட்டினார். அதில் கொடுத்திருந்த மிகக் குறைந்த அளவிலிருந்து தொடங்குவது என்று முடிவாயிற்று. ஆனாலும் தங்கள் மருந்துகளை அவர்கள் இருவரும் விட்டுவிடவில்லை.

அன்றிரவு சாப்பிடும்போது மாமி சோற்றுப் பானையைத் தூக்கப் போய் முகம் சுளித்ததை அப்பா கண்டுவிட்டார். கைக்கு என்ன என்று கேட்டார்.

"பழைய மருந்துதான் கையைக் கெடுத்தது, அண்ணை. இப்ப கிளப்பிலை ஒராள் சொல்லி வேறை மருந்து மாத்துறன்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. அப்பா தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டார். மறுநாள் என்னை மறித்தார்.

"தம்பி, அங்கை கிளப்பிலை ஆரோ மாமிக்கு மருந்து குடுக்கினமாம். என்ன மருந்து?"

எனக்குப் பொய் சொல்ல வராது. அதிகம் பேசவும் வராது.

"எரியிற மருந்து."

"எரிஞ்சால்தான் கேக்கும். கெதியா எரியுமோ, மெதுவா எரியுமோ?"

"கெதியா."

"குடிக்கிறதோ, பூசுறதோ?"

"அடைக்கிறது."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "ஓ, பத்துப் போட்டுக் கட்டுறமாதிரியாக்கும். கூடப் போட்டால் தோல் வெந்துபோகுமே?"

"கூடப் போட்டால் வெளியிலை வழியும். வழியிறதுதான் நல்லமாம்."

குசினியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "வழிஞ்சால் படுக்கை விரிப்பிலை பிடிக்கும். ஆர் தோய்க்கிறது? உங்கடை தங்கச்சியைக் கிளப்பிலையே படுக்கச் சொல்லுங்கோ."

இந்த எரிகிற மருந்தின் சேதி லாச்சப்பலில் ஒரு கடைக்காரரின் காதுக்குப் போனது. "அண்ணை, உது எலும்பையெல்லே தின்னும். குடுக்கிற ஆளைப் பாக்காமல் மருந்து எடுக்கவிடாதையுங்கோ" என்று அவர் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு நித்திரை போய்விட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கலியாணங்களுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து கதவடியில் நின்றார். கையில் ஒரு பார்சல். மருந்து கொடுக்கிறவருக்கென்று அம்மா பொரித்துக் கொடுத்த ரோல்ஸ்.

ரயிலில் அப்பாதான் பேசிக்கொண்டு வந்தார். மாமி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நிலையத்தில் இறங்கி, நடந்து, கிளப்பின் வாசலுக்கு வந்தபோது உள்ளேயிருந்து வெடிச்சத்தம் கேட்டது. அப்பா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

"என்ன சத்தம் அது?"

"துவக்கு, அண்ணை. நானும் இஞ்சை சுடுறனான். மருந்து எண்டது அந்த மருந்தைத்தான்."

அப்பா என்னை ஒருதரம் பார்த்தார். மாமி கைப்பையிலிருந்து தன் கிளப் அட்டையை எடுத்தார்.

"நீங்கள் வேண்டாம் எண்டால் இப்பவே இதைக் குடுத்துப்போட்டு வாறன். திரும்பிப் போவம்."

அப்பா அட்டையை வாங்கிப் பார்த்தார். அதில் மாமியின் படம் இருந்தது. எங்கள் வீட்டில் இருந்த எந்தப் படத்திலும் மாமி அப்படி நிமிர்ந்து பார்க்கவில்லை. குனிந்து, அல்லது யாருக்காவது பின்னால் நிற்கிற படங்கள்தான் எல்லாம். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளே இன்னொரு வெடி கேட்டது. அவருடைய தோள் துடித்தது.

"ஆரையும் சுடுறேல்லைத்தானே?"

"கடதாசியை, அண்ணை."

"கடதாசி உனக்கு என்ன செய்தது?"

மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அப்பா சிரிக்கவில்லை.

"உந்த மருந்திலை கை நோகாதோ?"

"இண்டைக்குத்தான் முதல்முதல் சுடப்போறன். நோகாது எண்டு நினைக்கிறன்."

அப்பா அட்டையை மாமியிடமும் பார்சலை என்னிடமும் தந்தார். "போ, போய்ச் சுடு. நான் இதிலை நிக்கிறன்."

தான் நிரப்பிய தோட்டாக்களை மாமி ஒவ்வொன்றாக எடுத்து வைத்துச் சுட்டதை நான் பின்னால் நின்று பார்த்தேன். சத்தம் மற்றவர்களுடையதை விடச் சிறியது. துப்பாக்கி மாமியின் கையில் மெல்ல எழும்பி, எழும்பிய இடத்திலிருந்து அப்படியே இறங்கியது. முடிந்ததும் தபால்காரர் கடதாசியை எடுத்து வந்தார். கறுப்பு வட்டத்துக்கு வெளியே ஒரு ஓட்டையும் இல்லை. மாமி தன் மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து நோகவில்லை என்று தலையாட்டினார். வெதுப்பகக்காரர் ரோல்ஸ் ஒன்றை வாயில் போட்டு, உறைப்புத் தாங்காமல் இருமி, தன் மருந்தைவிட இதுதான் வேகமாக எரிகிறது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உலகத்திலேயே பெரிய ஆள் என் மாமிதான் என்று எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் அந்த எண்ணத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

நான் கடதாசியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். அப்பா சுவரோடு சாய்ந்து, இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு நின்றார். கண்கள் திறந்திருந்தன. குளிரிலும் நெற்றியில் வேர்வை. என்னைக் கண்டதும் ஒரு கையை எடுத்தார்.

"உள்ளுக்கை என்ன நடக்குது?"

"சிரிக்கினம்."

"ஆர்?"

"எல்லாரும்."

"வெடி கேக்கிற நேரத்திலையுமோ?"

"ஓம்."

அப்போதுதான் மற்றக் கையும் இறங்கியது. கடதாசியை வாங்கிப் பார்த்தார். மடித்துக் கோட்டின் உள்பைக்குள் வைத்தார். அந்தக் கிழமை லாச்சப்பலில் கடைக்காரர் மருந்தைப் பற்றி விசாரித்தபோது, "நல்ல மருந்து. தங்கச்சி தானே பாத்துத் தெரிஞ்செடுத்தது" என்றார். அதைச் சொல்லும்போது அப்பாவின் கழுத்து கொஞ்சம் நீண்டது போலிருந்தது.

மாமி அந்த மருந்தோடு நெடுங்காலம் சுட்டார், கிளப் போட்டிகளில் கோப்பைகளும் வென்றார். அப்பா அந்தக் கதவைத் தாண்டி ஒருநாளும் உள்ளே வரவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு ரயிலேறி வந்து வெளியே நிற்பார். நான் கடதாசியோடு ஓடிப்போனால் எத்தனை புள்ளி என்று முதலில் கேட்கமாட்டார். சிரிக்கினமோ என்றுதான் கேட்பார். நான் அதை அவருடைய பகிடி என்று எடுத்துக்கொண்டேன். உள்ளே ஒருவரும் சிரிக்காத நாட்களிலும் ஓம் என்று சொல்லியிருக்கிறேன். காதைப் பொத்திய கை கீழே இறங்குவதற்கு சண்டை நடந்த ஊரிலிருந்து வந்த அவருக்கு அந்த ஒரு சொல் ஏன் வேண்டியிருந்தது என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.