மழையை முந்திய கணக்கு

வெள்ள எச்சரிக்கை அலுவலகத்தில் அந்தப் பொறியாளருக்கு ‘நேத்து வெள்ளம்’ என்று பெயர். வெள்ளம் எங்கே ஏறும் என்று அவருடைய கணினி கணக்குப் போட்டு முடிப்பதற்குள் தண்ணீர் வந்து, வடிந்து, தெருவும் காய்ந்துவிடும். இந்த முறையும் பிந்தினால் வேறு பிரிவுக்குத் தூக்கியடிப்பதாக மேலதிகாரி சொல்லிவிட்டார்.

மனிதர் மச்சானின் காலைப் பிடித்து, அவனுடைய விளையாட்டுக் கணினியிலிருந்த கிராபிக்ஸ் கார்டை வாங்கி வந்தார். அது ஒரே நேரத்தில் ஆயிரம் கணக்குப் போடும். ஊர் வரைபடம் முழுவதையும் பொடிக் கட்டங்களாகப் பிரிக்காமல், தண்ணீர் ஓடும் இடத்தில் மட்டும் பொடிக் கட்டம், மற்ற இடத்தில் பெரிய கட்டம் என்று மாற்றிக் கணக்கைக் குறைத்தார். மழைக்கு முன்பே விடை வந்துவிட்டது. கடைத்தெரு மூழ்கும், அவர் வீட்டிலும் இடுப்பளவு தண்ணீர். பதறிப்போய் மனைவிக்குப் போன் செய்தார்.

கடைத்தெருவைக் காலி செய்தார்கள், சொன்னபடியே மூழ்கியது. மேலதிகாரி கைகுலுக்கினார். வீட்டுக்கு வந்தால் வெள்ளம் வாசற்படியைக்கூடத் தொடவில்லை. மெத்தை, பீரோ எல்லாம் மாடிக்கு ஏறியிருந்தன. மனைவி மூச்சு வாங்கப் படியில் உட்கார்ந்திருந்தாள்.

“எங்கங்க உங்க வெள்ளம்?”

“மேட்டுல இருக்கற நம்ம வீட்டையும் பின்னாடி பள்ளத்தையும் ஒரே பெரிய கட்டத்துல போட்டுட்டேன்மா. கம்ப்யூட்டர் ரெண்டோட உயரத்தையும் சராசரி பண்ணிடுச்சு.”

“கல்யாணமாகி இன்னைக்குத்தான் நீங்க சொன்னத நம்பினேன். இனிமே சின்னக் கட்டமா, பெரிய கட்டமான்னு கேட்டுட்டுத்தான் நம்புவேன். வாங்க, பீரோவைப் பிடிங்க.”