குழி தோண்டாத பந்தல்

சாமியானா போடுகிற வேலையில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தெருவின் குறுக்கே துணியை இழுத்துக் கட்டி நாலு நாற்காலியைப் போட்டுவிட்டால், எவ்வளவு பெரிய வண்டியும் நின்று பார்த்துவிட்டு வேறு தெருவில் திரும்பிப் போய்விடும். கல்யாணமா, சாவா என்றுகூடக் கேட்க மாட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு தாம்பரத்தில் இந்தக் கடைக்கு வேலைக்கு வந்தவன் நான். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. என்னைப் போன்ற ஆளுக்கு ஏற்ற வேலை இது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பீர்க்கன்கரணை ஏரிக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் நிழலுக்குப் பந்தல் வேண்டும் என்று ஆர்டர் வந்தது. போய்ப் பார்த்தால் அங்கே வீடும் இல்லை, கோயிலும் இல்லை. படித்தவர்கள் மாதிரி இருந்த கொஞ்சம் பேர் கையுறை போட்டுக்கொண்டு சீமைக்கருவேல முள்ளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். சம்பளத்துக்கு வெட்டுகிறவர்கள் இல்லை என்பது வெட்டுகிற விதத்திலேயே தெரிந்தது. நான் முதல் கம்பத்துக்குக் குழி போடக் கடப்பாரையைத் தூக்கினேன். ஒரு அம்மா ஓடி வந்தார்.

"குத்தாதீங்கண்ணா. கீழ ஆளுங்க இருக்காங்க."

கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டேன். அவர் தொல்லியல் துறை அதிகாரி. என்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டினார். மண்ணில் பாதி புதைந்த கரும்பாறைகள் என்று நான் நினைத்தவை வட்டமாக நின்றன. இரண்டாயிரம் வருஷத்துக்கும் முன்னால் இங்கே இருந்தவர்கள், செத்தவர்களின் எலும்பைப் பானையோடும் இரும்புச் சாமான்களோடும் புதைத்துவிட்டுச் சுற்றி நட்ட கற்கள் என்றார். இந்தப் பக்கம் முன்பு இப்படி நிறைய வட்டங்கள் இருந்தனவாம். மற்ற இடமெல்லாம் பிளாட்டாகிவிட்டது. முள்ளைக்கூட வேரோடு பிடுங்கக் கூடாது, தரையோடு அறுத்துத்தான் எடுக்க வேண்டும், வேருக்குள் பானை சிக்கியிருக்கும் என்றார்.

தார் ரோட்டில் பந்தல் போடுவதற்காக எங்கள் கடையில் மணல் நிரப்பிய பெயின்ட் டிரம்கள் வைத்திருப்போம். அதைக் கொண்டுவந்து கம்பங்களை அதில் நிறுத்தினேன். கயிறுகளை மண் மூட்டையில் கட்டினேன். ஒரு குழிகூட இல்லை. அதிகாரி ஒரு சுற்று வந்து பார்த்துவிட்டு, இனிமேல் எங்கே வேலை நடந்தாலும் இப்படித்தான் போடச் சொல்லப் போவதாகச் சொன்னார்.

அதற்கப்புறம் வேலை இல்லாத ஞாயிறுகளில் நானாகவே அங்கே போக ஆரம்பித்தேன். அதிகாரி அளந்து வரைவார். டேப்பின் இன்னொரு முனையை நான் பிடித்துக்கொள்வேன். டேப் பிடிக்கிறவன் பேச வேண்டியதில்லை. சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு பெண்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்களைச் சேர்த்தவர். ஒவ்வொரு கல்லையும் படம் எடுத்து, அது எங்கே நிற்கிறது என்று போன் மேப்பில் குறித்துக்கொள்வார். இந்த மேட்டைப் பாதுகாக்கப்பட்ட இடமாக்கச் சொல்லி அதிகாரி மேலே எழுதியிருந்தார். உத்தரவு வருகிற வரைக்கும் இது வெறும் புறம்போக்குதான், யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம் என்பதுதான் அவர்கள் எல்லோருக்கும் இருந்த பயம். கொஞ்ச நாளில் எனக்கும் அந்தப் பயம் வந்துவிட்டது.

பயந்தபடியே ஒரு வேலை நாளில் நடந்தது. முடிச்சூரில் ஒரு காரியப் பந்தலைப் பிரித்து, குட்டியானை என்று நாங்கள் சொல்லும் சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். வண்டியை ஓட்டியது என் கூட்டாளி. எனக்கும் சேர்த்து அவனே பேசிவிடுவான். ஏரிக்கரை டீக்கடையில் நிறுத்தியபோது, டிரெய்லரிலிருந்து ஒரு பொக்லைன் வண்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ரோடு வேலைக்கு கிராவல் எடுக்கப் போகிறார்கள், அந்த மேட்டில்தான் என்று டீக்கடைக்காரர் சொன்னார். டீயை அப்படியே வைத்துவிட்டேன்.

சிறுசேரிப் பெண்ணுக்குப் போன் செய்தேன். அவர் அப்போதுதான் ஆபீசுக்குள் நுழைந்திருந்தார். என்னைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அதிகாரியிடம் பேசிவிட்டு வந்தார். உத்தரவு கையெழுத்தாகிவிட்டது, தாலுகா ஆபீசில்தான் இருக்கிறது, அதிகாரி அதை வாங்கிக்கொண்டு வருகிறார், தானும் கிளம்பிவிட்டதாகச் சொன்னார். அதுவரை வண்டி மேட்டில் ஏறிவிடக் கூடாது.

"அவங்ககிட்ட பேசி நிறுத்துங்கண்ணா. இப்போதைக்கு நீங்கதான் அங்க இருக்கீங்க."

பேசி நிறுத்தச் சொன்னது என்னை. போனை வைத்துவிட்டு நின்றேன். பொக்லைன் ஸ்டார்ட் ஆகிவிட்டது. அதன் இரும்பு வாளி ஒரு தடவை வாரினால் அந்த வட்டம் எந்தப் பக்கம் இருந்தது என்றுகூட அப்புறம் யாருக்கும் தெரியாது. திரும்பிப் பார்த்தேன். குட்டியானை நிறைய கம்பம், துணி, நாற்காலி, மணல் டிரம். பேசத் தெரியாவிட்டால் என்ன, பந்தல் போடத் தெரியுமே என்று தோன்றியது. வண்டியை மேட்டடிக்கு விடச் சொன்னேன்.

"இன்னா மச்சான், அங்க யாரு வூட்டு விசேஷம் கீது?" என்றான் கூட்டாளி.

"நம்ம வூட்டுதான். ஏறு."

பொக்லைன் மெதுவாகத்தான் வரும். நாங்கள் குறுக்கு வழியில் முந்திக்கொண்டோம். வண்டியைக் கீழேயே விட்டு, டிரம்களைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். அவ்வளவு வேகமாக நான் பந்தல் போட்டதில்லை. கல்வட்டத்துக்கு முன்னால் நாலு கம்பம், மேலே சிவப்பும் மஞ்சளுமாகத் துணி, கீழே வரிசையாக நாற்காலி. நடுவில் கடை முதலாளி போன் செய்து வண்டி எங்கே என்று கேட்டார். பஞ்சர் என்று கூட்டாளி சொல்லிவிட்டான். பந்தலைப் பார்த்ததும் ஏரியைச் சுற்றி வாக்கிங் வந்த பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். எதற்கென்று கேட்கவில்லை. பந்தல் என்றால் உட்காருவதற்குத்தானே.

பொக்லைன் மேட்டடியில் வந்து நின்றது. ஆபரேட்டர் எட்டிப் பார்த்தான். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் நேராக வந்தான். கூட்டாளி அந்த நேரம் பார்த்துக் கயிறு எடுக்கக் கீழே போயிருந்தான்.

"யாருண்ணா தவறிட்டாங்க?" என்று மெல்லக் கேட்டான்.

எனக்காகப் பேச ஆள் இல்லை. பொய் சொல்லவும் மனசு வரவில்லை.

"பேர் தெரியாதுப்பா. ரொம்பக் காலத்துக்கு முன்ன செத்தவங்க. இந்தக் கல்லுக்குக் கீழதான் இருக்காங்க."

அவன் கற்களைப் பார்த்தான். வட்டம் அவன் கண்ணுக்கும் தெரிந்துவிட்டது. இருந்தாலும் சாவு வீட்டில் எல்லோரும் கேட்கிறதை அவனும் கேட்டான்.

"எப்பண்ணா எடுப்பாங்க?"

"எடுக்க மாட்டோம். இங்கயே இருக்கட்டும்னுதான் பந்தல் போட்டிருக்கு."

அவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

பின்னாலேயே பைக்கில் சூப்பர்வைசர் வந்தார். இது யார் இடம், யாரைக் கேட்டுப் பந்தல் போட்டீர்கள் என்று சத்தம் போட்டார். பெரியவர்களில் ஒருவர், இது உங்கள் இடமா, பேப்பர் இருந்தால் காட்டுங்கள் என்று அமைதியாகக் கேட்டார். சூப்பர்வைசர் ஆபரேட்டர் பக்கம் திரும்பி, வண்டியை எடு என்றார்.

"சாவுப் பந்தல் மேல நான் வண்டி ஏத்த மாட்டேன் சார். வேணும்னா நீயே ஏறி ஓட்டிக்க," என்றான் அவன்.

சூப்பர்வைசருக்கு ஓட்டத் தெரியாது போலிருக்கிறது. போனை எடுத்து யாருக்கோ அடித்தபடி நின்றார். அதற்குள் சிறுசேரிப் பெண் ஆட்டோவில் வந்து இறங்கினார். தன் போனில் இருந்த படங்களை ஆபரேட்டரிடம் ஒவ்வொன்றாகக் காட்டினார். இந்தக் கல் எங்கே, அந்தக் கல் எங்கே என்று அவன் எழுந்து போய்த் தேடிப் பார்த்தான். வெயில் நன்றாக ஏறிய பிறகு தாசில்தார் ஜீப் வந்தது. முன் சீட்டில் அதிகாரி. இறங்கும்போதே கையில் உத்தரவு இருந்தது. சூப்பர்வைசர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, முதலிலேயே சொல்லியிருக்கலாமே சார் என்று தாசில்தாரிடம் குழைந்தார்.

அதிகாரி என்னிடம் வரவில்லை. நேராகப் போய்ப் பந்தலின் ஒவ்வொரு கம்பத்தையும் குனிந்து பார்த்தார். நாலும் டிரம்மில்தான் நின்றன. நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பொக்லைன் திரும்பிப் போனதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வந்த வழிக்குப் பக்கத்திலும் கற்கள் இருக்கின்றன என்று ஆபரேட்டர் முள்ளுக்குள் விட்டு, தூரமாகச் சுற்றிக்கொண்டு போனான்.

சிறுசேரிப் பெண் எடுத்த படம் மறுநாள் பேப்பரில் வந்தது. சாமியானா ஓரத்தில் எங்கள் கடைப் பெயர் கொட்டை எழுத்தில் தெரிந்தது. பஞ்சரைப் பற்றி முதலாளி பேசவே இல்லை. படத்தை வெட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டார்.

இப்போது மேட்டைச் சுற்றி கம்பி வேலி இருக்கிறது. வேலிக் கம்பங்களுக்கும் பள்ளம் எடுக்கவில்லை. தரைமேல் சிமென்ட் கட்டைகளை வைத்து நிறுத்தினார்கள். கட்டை எவ்வளவு கனம் இருந்தால் காற்றுக்குச் சாயாது என்று இன்ஜினியர் கணக்குப் போட்டார். என்னையும் கூப்பிட்டு, பந்தலுக்கு என்ன கனம் வைப்பேன் என்று கேட்டுக்கொண்டார். திறப்பு விழாவுக்குப் பந்தல் நாங்கள்தான். மைக்கில் பேசச் சொன்னார்கள். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். அதற்கும் கை தட்டினார்கள். ஆபரேட்டர் மனைவியோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

விழா முடிந்து துணியை மடிக்கும்போது, அன்றைக்கு ஆபரேட்டர் கேட்டதாக நான் சொல்லியிருந்ததைக் கூட்டாளியும் கேட்டான்.

"இன்னா மச்சான், எப்ப எடுக்கறாங்க?"

சிரித்துக்கொண்டே டிரம்களைத் தூக்கினோம். அடியில் புல் கொஞ்சம் படுத்திருந்தது, அவ்வளவுதான். கேட்டைப் பூட்டிச் சாவியை அதிகாரியிடம் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினோம்.