வதனியின் துப்பல் போத்தில்

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: பிள்ளைகளைப் பார்க்கும் டொக்டர், தாதி ஒருவர், என் கணவர், ஆறு வயது மகள் வதனி, நான். வேறொருவரும் இல்லை. கதவைச் சாத்தியதும் நான்தான்.

வதனிக்கு வலிப்பு (மூளை சற்று நேரம் தடுமாறி உடம்பு வெட்டி இழுக்கும் நோய்). குடிக்கும் மருந்து உடம்பில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க அதுவரை இரத்தம் எடுத்தார்கள். அவளைப் பிடிக்க மூன்று பேர் வேண்டும்.

"இனி ஊசி வேண்டாம். துப்பலே காணும், அதிலையே மருந்தை அளக்கலாம்," என்றார் டொக்டர்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. "இரத்தத்திலை இருக்கிறது துப்பலுக்கு எப்பிடி வரும்?"

"இரத்தத்திலையிருந்துதான் அம்மா துப்பல் ஊறுது. மருந்தும் கொஞ்சம் அதோடை வரும்."

"புதுசெண்டா எங்கடை பிள்ளையிலையோ பாக்கிறியள்?"

"கலியாணத்துக்கு முதல் என்னையும் உப்பிடித்தான் விசாரிச்சவ, டொக்டர்," என்றார் கணவர். தாதி சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஒரு சிறிய போத்தில் தந்தார்கள். காலை மருந்துக்கு முதல், வாய் கொப்பளித்துவிட்டு அதில் துப்பவேண்டும். கண்பட்டதென்று நாவூறு கழிக்கும்போது பிள்ளை துப்பிய உப்பையும் மிளகாயையும் உடனே நெருப்பில் போடுகிறவர்கள் நாங்கள். பிள்ளையின் துப்பல் பிறத்தியார் கையில் அகப்படக் கூடாது. இதுவோ பெயர் எழுதி, சோதிக்க ரயிலில் கொழும்புக்குப் போகுமாம். யார் யார் கையில்?

கணவர் சைக்கிளுக்குக் காற்றடித்த நேரம், குசினிக்குள் அடுப்படியில் நின்று போத்திலில் என் துப்பலை நிரப்பினேன். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுபோனார்.

இரண்டு கிழமையில், பதினாலாம் நாள், முடிவு வந்தது.

"மருந்து துளியும் இல்லை. ஒழுங்காக் குடுக்கிறியளோ?"

"ரண்டு நேரமும் குடுக்கிறன்."

"அப்ப உடம்பிலை சேரேல்லை. அளவைக் கூட்டுவம்." டொக்டர் பேனையை எடுத்தார்.

"எழுதாதேங்கோ. அது என்ரை துப்பல்."

பேனை நின்றது. அவர் ஏசவில்லை. "கூட்டியிருந்தா பிள்ளை நடக்கேலாமல் தள்ளாடியிருப்பாள்," என்று மட்டும் சொன்னார்.

அடுத்த போத்திலில் வதனியே துப்பினாள். மருந்து சரியான அளவில் இருந்தது.

இதே மருந்து கொடுக்கும் தாய்மாரே, சந்தேகம் எனக்கு இன்னும் போகவில்லை. அந்தப் போத்தில்களைப் பிறகு என்ன செய்கிறார்கள் என்று போகும்போதெல்லாம் கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள். ஆனால் வாயால் கேளுங்கள்.

இப்போது எனக்கு ஒரு நாள் என்பது இரண்டு கரண்டி மருந்து. காலையில் கிணற்றடியில் வதனி வாய் கொப்பளித்துத் துப்புவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நேற்று மாலை கொடுத்த கரண்டி அதில் இருக்கிறது. என் வாயில் ஊறுவதை விழுங்குவேன். அதில் ஒன்றுமில்லை.