முன்சீட்டும் முஸ்லிம் சாப்பாடும்

கலீலுல்லா கேட்டது ராஜா உட்காரும் சிம்மாசனம் இல்லை. இடது காலை நீட்டி வைக்க ஒரு முழம் இடம், அவ்வளவுதான். அதைக் கொடுக்க ஒரு விமானக் கம்பெனிக்கு இரண்டு வருஷம் மனசு வரவில்லை.

வில்லியனூர் சுல்தான்பேட்டையில் அவருக்குக் கைலிக் கடை. எழுபத்து நாலாம் வருஷத்திலிருந்து, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, மெட்ராஸில் விமானம் ஏறி சிங்கப்பூர் போய்க் கைலி கொடுத்துவிட்டு வருவார். எழுபத்தெட்டில் பாகூர் போகிற வழியில் பஸ் குடைசாய்ந்து இடது முட்டி நொறுங்கியது. உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். உயிர் பிழைத்தது, கால் மடங்க மறுத்தது. தொழுகையைக்கூட நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறார்.

விமானத்தின் பின்பக்கத்து சீட்டில் அந்தக் காலை எங்கே வைப்பது? நடைபாதையில்தான் நீட்ட வேண்டும். சாப்பாட்டு வண்டி தள்ளிக்கொண்டு வருகிற பெண் ஒவ்வொரு தடவையும் முட்டியில் இடித்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் சாரி சொல்வாள். நாலு மணி நேரப் பயணம் முடிந்து இறங்கும்போது முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கும்.

எண்பத்து நாலில் கம்பெனி அவருக்கு ஒரு நீல அட்டை அனுப்பியது. அடிக்கடி பறக்கிறவர்களுக்கு மரியாதையாம். பின்பக்கம் நிரம்பி, முன்பக்கம் சீட் காலியாக இருந்தால், அட்டைக்காரர்களைக் காசு வாங்காமல் முன்னால் உட்கார வைப்பார்களாம். கலீலுல்லா அந்த அட்டையைப் பாஸ்போர்ட்டுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். பாவம், நம்பிவிட்டார்.

பதினோரு பயணம் போனார். பலமுறை பின்பக்கம் நிரம்பியது, யாரோ சிலர் முன்னால் போனார்கள், அவர் போகவில்லை. ஒரு தடவை அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற டை கட்டிய பையனைக் கூப்பிட்டு முன்சீட்டைக் கொடுத்தார்கள். அவனுக்கு அதுதான் முதல் விமானப் பயணம். பெல்ட்டை எப்படி மாட்டுவது என்று கலீலுல்லாவிடமே முந்தைய நிமிஷம் கேட்டவன். கவுண்டரில் கேட்டால், அடுத்த முறை பார்க்கலாம் சார் என்று ஒரு சிரிப்பு.

கைலியும் தொப்பியும்தான் காரணம் என்று நினைத்து, ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாகப் பேன்ட் தைத்தார். வீங்கிய முட்டிக்கு மேல் அது ஏறவில்லை, பிரித்துத் தைத்தார்கள். ஷூ வாங்கினார். வீட்டில் ஆமினா பீவி, மாப்பிள்ளை பெண் பார்க்கவா போகிறார் என்று கேட்டுச் சிரித்தாள். பேன்ட்டும் ஷூவும் பின்பக்கத்தில்தான் உட்கார்ந்து போயின.

எண்பத்தாறு மாசியில் கவுண்டரில் புதிதாக ஒரு பெண் இருந்தாள். பாஸ்போர்ட்டில் ஊரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். பெயர் லூசி. வில்லியனூர் மாதா கோயில் பக்கத்து சவரிநாதன் மகள். சவரிநாதன் கலீலுல்லாவின் கடையில்தான் கைலி எடுப்பார். அந்த உரிமையில், இன்றைக்காவது முன்னால் சீட் உண்டா என்று கேட்டார். ஒரு சீட் இருக்கிறது, ஒருவரை மாற்ற வேண்டும் என்றாள் லூசி. பட்டியலில் விரலை ஓட்டினாள். விரல் அவர் பெயரில் நின்றது, முகம் சுருங்கியது.

யாரை முன்னால் அனுப்புவது என்று அவள் தணிந்த குரலில் சொன்னாள். முழு விலை டிக்கெட்காரர், அட்டைக்காரர், தனியாக வருகிறவர். இவ்வளவும் அவருக்குப் பொருந்தியது. ஆனால் தனிச் சாப்பாடு எழுதியவர்களைப் பட்டியலில் முதலிலேயே அடித்துவிடுவார்களாம்.

"உங்க பேருக்கு நேரா முஸ்லிம் சாப்பாடுன்னு இருக்கு பாய். அந்தப் பொட்டலத்த பின்னாடி ஏத்திடுவாங்க. ஆளு முன்னாடி, சோறு பின்னாடின்னு ஆயிடும். அதான் விட்டுடுவாங்க."

அந்தச் சாப்பாட்டைக் கலீலுல்லா கேட்டதே இல்லை! டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் மெட்ராஸ் ஏஜென்ட், பெயரைப் பார்த்து அவனாகவே எழுதியிருக்கிறான். உப்பில்லாத அந்தச் சோற்றை ஒவ்வொரு தடவையும் மூடி திறந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆமினா பீவி கட்டிக் கொடுத்த புளிச்சோறுதான் சாப்பிடுவார். தின்னாத சோற்றுக்காகப் பதினோரு தடவை இடி வாங்கியிருக்கிறது அந்த முட்டி.

"என் பேர பாத்து சோறு எழுதத் தெரியுது," என்றார். "என் கால பாத்து எடம் எழுத ஒருத்தனுக்கும் தெரியலயாம்மா?"

லூசி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு பேனாவை எடுத்து, சாப்பாட்டை அடித்துவிடுகிறேன், சீட் உங்களுக்குத்தான் என்றாள். வேறு யாராக இருந்தாலும் தலையாட்டியிருப்பார்கள். கலீலுல்லா கவுண்டர் மேல் கையை வைத்து மறித்தார்.

"அத ஏன் அடிக்கணும்? நாளைக்கு நெசமாவே அந்தச் சோறு வேணும்னு கேக்குறவன் வருவான். அவனுக்கும் இதே கதிதான? பொட்டலத்த ஒருத்தர் கையில எடுத்துனு முன்னாடி வந்தா இன்னா கொறஞ்சிடும்?"

வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் நகரவில்லை. லூசி மேலதிகாரி இருந்த அறைப்பக்கம் ஒருமுறை பார்த்தாள். எழுந்து போய்க் கேட்கவில்லை. அவர் பெயருக்கு நேராக, சாப்பாட்டை முன்னால் கொண்டுபோய்க் கொடுக்கவும் என்று எழுதி, கீழே தன் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது அவளுக்கு.

முன்சீட்டில் கலீலுல்லா காலை நீட்டினார். எதுவும் இடிக்கவில்லை. சந்தோஷம் வரும் என்று நினைத்தார். கோபம்தான் இன்னும் கூடியது. சாப்பாட்டு நேரத்தில் பின்பக்கத்துத் திரை விலகியது. பணிப்பெண் அந்தப் பொட்டலத்தைத் தட்டில் ஏந்தி வந்தாள். கலீலுல்லா திரும்பிப் பார்த்து அவள் நடையை எண்ணினார். பதினாறு தப்படி. எதிரே வந்த ஒருவருக்கு வழிவிட நின்ற நேரத்தையும் சேர்த்தால் அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

புளிச்சோற்றுப் பொட்டலத்தை அன்று அவர் பிரிக்கவே இல்லை. அந்த உப்பில்லாத சோற்றை ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்று, காலித் தட்டை அவள் கையில் கொடுத்தார்.